சின்னப்பனுக்குக் கிடைத்த கடைசிப் பத்து நிமிஷம்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காதர் நானா கடையில் ஒரு பெரிய விசாரணை நடந்தது. குற்றவாளி — லிம் வாத்தியார். குற்றம் — நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒரு பையனை இரண்டாவது பாதியில் வெளியே எடுத்தது. நீதிபதிகள்? கோப்பி குடிக்க வந்த அத்தனை பேரும்தான்!

எங்கள் ஊர் குளுவாங்கிற்குத் தெற்கே இருக்கும் ஒரு சின்ன ரயில்வே ஊர். சீனப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு செம்மண் திடல், இரண்டு பலகை, இரண்டு வளையம். ஞாயிறு தவறாமல் அங்கே பாஸ்கெட் பால். டீமில் பாதிக்கு மேல் சீனர்கள், ஒரு மலாய்க்காரர், நம்மவர் இரண்டு பேர். கோச், அந்தப் பள்ளிக்கூடத்து லிம் வாத்தியார். நம்மவர்களோடு அவர் பேசுவது கடைத்தெரு மலாய்.

இந்த ஆட்டத்தில் ஒரு வேடிக்கையான சட்டம் உண்டு. மேட்ச் நடக்கும்போது கோச் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஃபவுல்! இடைவேளையில்தான் பேசலாம். ஆளை மாற்றலாம், ஏன் மாற்றினேன் என்று சொல்ல முடியாது. ஆக, விஷயம் தெரிந்த ஒரே மனிதர் ஊமையாக உட்கார்ந்திருப்பார். ஒன்றும் தெரியாத நாங்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்போம்.

"கை நல்லா ஓடிக்கிட்டு இருக்கற ஆள எதுக்கு எடுக்கறாரு? வாத்தியாருக்கு மூளை இருக்கா?" என்றார் தையற்கடை பெருமாள்.

"மூச்சு வாங்கியிருக்கும்லா. கொஞ்சம் ஒக்கார வச்சாரு. அதுக்கு ஏன் இந்தக் குதி குதிக்கறீங்க?" என்றார் இன்னொருவர்.

காதர் நானா மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "நல்ல ஆட்டக்காரன கடைசி வரைக்கும் விடணும், அவ்வளவுதான்! சின்னப்பன் மேட்ச்ச மறந்துட்டீங்களா? அன்னைக்கு அவன எடுக்காம விட்டதுனாலதானே குளுவாங்கயே ஜெயிச்சோம்? அதுக்குக் காரணம் யாரு? இந்தா ஒக்காந்திருக்காரே, நம்ம கிராணி! பிரேக்ல போயி வாத்தியார் காதுல என்னமோ போட்டாரு. சொல்லுங்க கிராணி, அன்னைக்கு என்னா சொன்னீங்க?"

கிராணி, அதாவது ஸ்டேஷன் குமாஸ்தா, அடியேன்தான். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"மறந்துபோச்சு நானா" என்றேன். பாதிக் கோப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மறப்பதா! இரண்டு வருஷமாக அந்த வார்த்தைகள்தான் எனக்குத் தினமும் துணை. வாராவாரம் இந்தப் பத்தியில் ஊரார் அசட்டுத்தனத்தையெல்லாம் எழுதி உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். என்னுடையதை மட்டும் எழுதாமல் வைத்திருந்தேன். இந்த வாரம் அதுதான்.

சின்னப்பன் எங்கள் ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன். லீவரை இழுத்துத் தண்டவாளத்தை மாற்றி, வரும் வண்டியை எந்த லைனில் விட வேண்டுமோ அந்த லைனில் விடுகிற வேலை. நல்ல உயரம். பாஸ்கெட் பாலில் ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் நடுவில் பந்தை மேலே தூக்கிப் போடுவார்கள். சின்னப்பன் எம்பினால் பந்து நமக்குத்தான். அதில் சந்தேகமே கிடையாது.

ஆனால் அவனுக்குச் சாயங்கால டியூட்டி ஐந்தரைக்கு. ஆட்டம் முடியவும் ஐந்தரை தாண்டிவிடும்; நிறுத்தி நிறுத்தி ஆடுவதால் கடைசிப் பத்து நிமிஷ ஆட்டமே கடிகாரத்தில் இருபது நிமிஷம் பிடிக்கும். அதனால் லிம் வாத்தியார், ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் சரி, கடைசிப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவனை வெளியே எடுத்துவிடுவார். எத்தனை மேட்ச் அப்படிக் கையைவிட்டுப் போயிருக்கிறது தெரியுமா? ஊரே அவரைத் திட்டும். அதில் எல்லோரையும்விடச் சத்தமாகத் திட்டியது யார்? அடியேன்தான்.

ஒருநாள் நேரிலேயே கேட்டுவிட்டேன். "திடல்ல இருந்து ஸ்டேஷனுக்கு மூணு நிமிஷம். பத்து நிமிஷத்துக்கு முன்னாடியே எடுக்கறீங்களே, என்ன நியாயம்?"

அவர் மலாயில் சொன்ன பதில் இது: "அவன் குளிக்க வேண்டும். ஏதாவது சாப்பிட வேண்டும். வேர்த்த கையோடு லீவரைப் பிடிக்கக் கூடாது."

பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டேன். கடைக்குப் போய் அதைச் சொல்லியும் சிரித்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிறு, குளுவாங் டீமோடு மேட்ச். அவர்களை நாங்கள் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. எனக்கு நான்கு மணியோடு டியூட்டி முடிந்தது. கிளம்புகிற நேரத்தில் வடக்கே பெக்கோக் ஸ்டேஷனில் இருந்து தந்தி — மெயில் வண்டி ஐம்பது நிமிஷம் லேட். மெயில் வழக்கமாக எங்கள் ஸ்டேஷனுக்கு ஆறு மணி வாக்கில் வரும். இனி ஏழு மணிதான்! எனக்குத் தலைகால் புரியவில்லை. கடவுளே பார்த்து அனுப்பிய தந்தி என்று நினைத்துக்கொண்டு திடலுக்கு ஓடினேன்.

இடைவேளையில் ஐந்து பாயிண்ட் பின்னால் இருந்தோம். நேராக லிம் வாத்தியாரிடம் போனேன். பக்கத்தில் சின்னப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். எங்கள் மூன்று பேரைத் தவிர அங்கே வேறு யாரும் இல்லை.

"மெயில் ஐம்பது நிமிஷம் லேட். இன்னிக்கு இவன எடுக்காதீங்க" என்றேன்.

"பெத்துல்கா?" என்று கேட்டார். நிஜமாகவா?

"பெத்துல்!" என்று நெஞ்சில் தட்டிச் சொன்னேன்.

சின்னப்பன்தான் தயங்கினான். "கூட்ஸ் ஒண்ணு இருக்குங்களே, கிராணி ஐயா?"

"அது மெயிலுக்குப் பின்னாடிதானேப்பா வரும்? மெயிலே லேட்டு. நீ ஆடு!"

"இல்லீங்க... நான் கொஞ்சம் முன்னாடியே போயிர்றேனே..."

"என்னைவிட உனக்கு டைம் டேபிள் தெரியுமா?" என்றேன்.

அவன் துண்டை வைத்துவிட்டுத் திடலுக்குள் போனான். கிராணி சொன்ன பிறகு பாயிண்ட்ஸ்மேன் என்ன பேசுவான்?

இப்போது உங்களுக்கு ஒரு ரயில்வே விஷயம் சொல்ல வேண்டும். நேற்று வேலைக்குச் சேர்ந்த போர்ட்டருக்குக்கூடத் தெரிந்த விஷயம். மெயில் ரொம்ப லேட்டானால், அதற்குப் பின்னால் போக வேண்டிய கூட்ஸை நிறுத்தி வைக்க மாட்டார்கள். முன்னால் அனுப்பிவிடுவார்கள். எங்கள் ஸ்டேஷனில் அதைப் பக்கத்து லைனில் ஒதுக்கி, பின்னால் வரும் மெயிலுக்கு வழிவிட வேண்டும். அதாவது, மெயில் லேட் என்றால் பாயிண்ட்ஸ்மேன் நிதானமாகப் போகலாம் என்று அர்த்தம் இல்லை. வழக்கத்தைவிட முன்னதாகவே தயாராக நிற்க வேண்டும் என்று அர்த்தம்!

பன்னிரண்டு வருஷ சர்வீஸ் உள்ள எனக்கு இது ஏன் தோன்றவில்லை? ஐந்து பாயிண்ட் பின்னால் இருந்தோம். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

இரண்டாவது பாதியில் சின்னப்பன் ஆடிய ஆட்டத்தை நானா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கடைசி ஒரு நிமிஷம். அவர்கள் பதினெட்டு, நாங்கள் பதினேழு. பந்து சின்னப்பன் கையில்.

அப்போது வடக்கே சிக்னலுக்கு அப்பால் இருந்து ஒரு நீண்ட விசில். சற்றுப் பொறுத்து இன்னொன்று.

திடலில் நின்றவர்களுக்கு அது ஏதோ ஒரு ரயில் சத்தம். ரயில்வேக்காரனுக்கு அது ஒரு கேள்வி — ஏன் வழி விடவில்லை? சின்னப்பன் பந்தோடு அப்படியே நின்றான். லிம் வாத்தியாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கூட்ஸ் வந்துவிட்டது! ஐந்தரைக்கு டியூட்டி முடிந்த பகல் ஆள், இவன் வந்துவிடுவான் என்று நம்பி வீட்டுக்குப் போயிருப்பான். ஸ்டேஷனில் லீவரைப் பிடிக்க ஆள் இல்லை. இப்போது ஓடினால்கூட ஒரு திட்டோடு போய்விடும். 'ஓடு' என்று நான் கையைக் காட்டியிருக்க வேண்டும்.

நான் இரண்டு கையையும் தூக்கி, 'ஆடு' என்று காட்டினேன்.

தெரியாமல் செய்தது வேறு, ஐயா. இது தெரிந்து செய்தது.

அவன் எறிந்தான். விழுந்தது. பத்தொன்பது, பதினெட்டு! சனம் திடலுக்குள் பாய்ந்து அவனைத் தோளில் தூக்கிவிட்டது. "விடுங்கண்ணே, எறக்கி விடுங்க!" என்று அவன் கத்தினான். அடக்கம் என்று நினைத்து இன்னும் உயரத் தூக்கினார்கள். கீழே குதித்து, வெறுங்காலோடு ஸ்டேஷனைப் பார்த்து ஓடினான். அவன் போய் லீவரை இழுத்து வழி விடுவதற்குள் கூட்ஸ் கால் மணி நேரம் வெளியே நின்றுவிட்டது.

வேறு காலமாக இருந்தால் ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்திருப்பார்கள். அது ரப்பர் விலை பாதாளத்துக்குப் போயிருந்த காலம். ஆளைக் குறைக்க மேலே பெயர் தேடிக்கொண்டிருந்தார்கள். சின்னப்பன் பெயர் தானாகப் போய் விழுந்தது.

விசாரணைக்கு ஒரு துரை வந்தார். அவர் இங்கிலீஷில் கேட்பார். எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர், தமிழில் சொல்வார். பதிலை எழுதிக்கொள்ள ஒரு கிராணி. அந்தக் கிராணி யார் என்று சொல்ல வேண்டுமா?

"மெயில் லேட்டு எண்டு உனக்கு ஆர் சொன்னது?" என்று மாஸ்டர் கேட்டார்.

இந்தத் தடவை சின்னப்பன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லலீங்க. நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்."

நான் எழுதினேன். பிழை இல்லாத இங்கிலீஷில், அழகாக எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று துரை மெச்சிக்கொண்டார்.

அன்றே அவன் வேலை போனது. சாயங்காலம் அவன் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அவன் மனைவி தெரேசா சட்டி பானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். என்னை வாங்க என்று சொல்லவில்லை. "ஏன்பா என் பேரைச் சொல்லல?" என்று கேட்டேன்.

"எம் பேரு எப்படியும் போயிருச்சுங்க. உங்க பேரும் எதுக்குப் போவணும்?" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னான்.

லிம் வாத்தியாரும் டிக்கெட் கவுண்டருக்கு வந்தார். "நான் கேட்டேன், நீ பெத்துல் என்றாய். அதை அவர்களிடம் சொல்வாய்தானே?" என்றார். "சொல்றேன்" என்றேன். நல்ல மனிதர், நம்பிவிட்டுப் போனார். சின்னப்பன் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறக் கிளம்பிய அன்று நான் லீவு போட்டேன். அன்றிலிருந்து வாத்தியார் என்னிடம் டிக்கெட் மட்டும் வாங்குகிறார். வேறு பேச்சு இல்லை.

ஆனால் கவனியுங்கள் — கோப்பிக்கடையில் கோச் வாயைத் திறக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் கிடையாது. "கிராணி கொடுத்த பொய்யான நம்பிக்கையால்தான் அந்த மேட்ச்சை ஜெயித்தீர்கள்" என்று அவர் எந்த ஞாயிற்றுக்கிழமையும் சொல்லியிருக்கலாம். ஊரே அவரைத் திட்டும்போதும் அவர் சொன்னதில்லை.

யாரை எத்தனை நிமிஷம் ஆட விடுவது என்று வெளியே நின்று சொல்வது ரொம்பச் சுலபம். ஆட்டம் முடிந்ததும் நாம் கோப்பி குடிக்கப் போய்விடலாம். ஆடியவன் எங்கே போகிறான் என்பது கோச்சின் கவலை. வாத்தியார் எடுத்துக்கொண்ட அந்தப் பத்து நிமிஷம் பயம் இல்லை, அது ஒருவன் சோற்றுக்கு அவர் போட்ட வேலி. அதைப் பிடுங்கிப் போட்டவன் நான்.

இப்போது ரப்பர் விலை கொஞ்சம் ஏறியிருக்கிறது. எங்கள் ஸ்டேஷனில் ஒரு பாயிண்ட்ஸ்மேன் இடம் காலி. பழைய ஆளைக் கூப்பிடலாம் என்று மேலிடத்தில் இருந்து வந்திருக்கிறது — பேரில் குற்றம் இல்லாத ஆளாக இருந்தால்.

நானா கடையில் இருந்து எழுந்து வந்த அன்றே உட்கார்ந்து எழுதினேன். தந்தி, இடைவேளை, கூட்ஸ் பற்றி அவன் கேட்டது, நான் காட்டிய கை... எல்லாவற்றையும். திங்கட்கிழமை காலையில் ஸ்டேஷன் மாஸ்டர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். "இதாலை உம்மட வேலை போகும். தெரியுமோ?"

"தெரியும் சார்."

"அவனைத் திருப்பி எடுப்பினமோ எண்டு எனக்குத் தெரியாது."

"அனுப்பிடுங்க சார்" என்றேன்.

கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு வருசமாப் பேனை உம்மட பொக்கற்றுக்குள்ளதானே கிடந்தது?"