முதுகு திரும்பிய பிறகு சொன்ன வசனம்

திரைப்படச் சான்றிதழுக்கு முன்பெல்லாம் பத்து வருட ஆயுள்தான். சமீபத்தில் சட்டத்தைத் திருத்தி அதற்கு நிரந்தர ஆயுள் கொடுத்துவிட்டார்கள். இனி சான்றிதழ் சாகாது. படச்சுருள்தான் பெட்டிக்குள் புளித்து, வினிகர் நாற்றத்தோடு செத்துக்கொண்டிருக்கும். இந்த ஏற்பாட்டில் இருக்கும் நகைச்சுவை எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் விளங்கியது. பதவியில் இருந்தவரை நான் எதற்கும் சிரித்ததாக நினைவில்லை.

நான் வேலை பார்த்த இடத்தை ஊரார் சென்சார் ஆபீஸ் என்பார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அந்தச் சொல் பிடிக்காது, சான்றளிப்பு என்றுதான் சொல்ல வேண்டும். எப்படிச் சொன்னாலும் கத்தரி ஒன்றே. இப்போது பெங்களூர் பிரேசர் டவுனில் எங்கள் அடுக்ககத்துக்கு யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். பழைய படத்தைத் துடைத்துப் புதிதாக்கி மறுபடி வெளியிடும் மோகம் வந்ததிலிருந்து, எந்த விண்ணப்பத்தை எந்த ஜன்னலில் நீட்டுவது என்று தெரிந்த கிழவர்களுக்குக் கொஞ்சம் மதிப்பு ஏறியிருக்கிறது.

அப்படித்தான் அந்தப் பெண் வந்தாள். மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அவளுடைய அப்பா இளவயதில் ஒரே ஒரு மலையாளப் படம் தயாரித்துவிட்டு, அந்த அனுபவம் போதும் என்று ரப்பர் வியாபாரத்துக்குத் திரும்பியவர். வேலை தேடிப் பெங்களூருக்கு வரும் ஒரு மலையாளி இளைஞனின் கதை. பாதிப் படம் ஸ்ரீராம்புரத்துச் சந்துகளில் எடுக்கப்பட்டது. வெளிவந்தபோது ஓடவில்லை. பிறகு திரைப்படச் சங்கத்துக்காரர்கள் கண்டெடுத்து, அதைப் பற்றிக் கட்டுரை எழுதிக் காப்பாற்றினார்கள்.

"அங்கிள், படம் கிளீன் பண்ணியாச்சு. சவுண்டும் ஓகே. ஒரே ஒரு ரீல்தான். அதோட சவுண்ட் நெகட்டிவ் ஒட்டிப்போச்சு. அந்த சீனுக்கு மட்டும் புதுசா டப்பிங் பண்ணணும். திரும்ப சர்டிபிகேட் வாங்கணுமா?"

"வாங்க வேண்டாம். ஆனால் மாற்றியதைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் ஒரு இருமலைக் கூடச் சேர்க்கக் கூடாது" என்றேன்.

காட்சியை மடிக்கணினியில் காட்டினாள். வாடகை பாக்கி வைத்த நாயகனை வீட்டுக்காரி வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள். கடைசியில் அவனுடைய டிரங்குப் பெட்டியைத் தெருவில் வீசுகிறாள். சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டு உள்ளே போகிறாள். நாயகன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. தெருவில் நிற்கிறான். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே வீட்டுக்குள் போகிறான். ஏன் போகிறான் என்பதற்குப் படத்தில் எந்தக் காரணமும் இல்லை. புலம்பெயர்ந்தவனின் மௌனம் என்று எழுதியிருக்கிறார்கள். கருப்பைக்குத் திரும்புதல் என்றும் ஒருவர் எழுதினார். திரையிடல் முடிந்த ஒரு கூட்டத்தில் நானும் அதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன்.

ஆனால் இப்போது நான் பார்த்தது நாயகனை அல்ல. வீட்டுக்காரியின் மூக்கை. அந்த மூக்கு எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தினமும் தண்ணீர் லாரிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

கீழ்த்தளத்து அம்மாள் பள்ளி ஆசிரியையான மகளோடும் கணவரோடும் குடியிருக்கிறார். அதற்கு முன்பு வாழ்நாள் முழுவதும் ஸ்ரீராம்புரம். அங்கே தமிழ் நாடகங்களில் நடித்தவர். கணவர் அடுகோடியில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். அம்மாள் சந்தித்த முதல் வாரத்திலேயே, "நான் ஒரு மலையாளப் படத்துல ஆக்ட் குடுத்திருக்கேன் சார். டயலாக்கே இருக்கு" என்று சொன்னார். கணவர் பக்கத்தில் இருந்து, "டயலாக் இருந்தது நெஜம் சார். கொரல்தான் வேற எவளுதோ" என்றார். அது அந்தக் குடும்பத்தின் நிரந்தர ஜோக் என்பது அவர் சொன்ன அலுப்பிலேயே தெரிந்தது.

அந்தக் காலத்தில் படப்பிடிப்பில் பேசும் குரல் படத்துக்குப் போகாது. பிறகு மதராஸில் உட்கார்ந்து, திரையில் அசையும் வாயைப் பார்த்து, வேறு யாராவது பேசி ஒட்டுவார்கள். மொழி தெரியாத நடிகர்கள் கேமராவுக்கு முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டுப் போவது வழக்கம். அழுதுகொண்டே ஒன்பது, பத்து சொல்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். இந்த அம்மாளையும் எண்ணத்தான் சொன்னார்களாம்.

"எண்ணினா கோவம் எங்க சார் வருது? ரேசன் கடையில நிக்கற மாதிரி இருந்துச்சி. கயித்துக்கு அந்தாண்ட கூட்டம் வேடிக்கை பாத்துக்கினு இருந்துச்சி. அதுல இந்தாளு. பட்டறைக்கு மட்டம் போட்டுட்டு, ஊத்திக்கினு வந்து, பல்லைக் காட்டிக்கினு நிக்கறான். அப்புறம் இன்னா, கேமராவும் தெரியல, ஈரோவும் தெரியல. இந்தாளையே வச்சிக் கிழிச்சேன். டைரக்டரு கையத் தட்டினாரு."

படம் வெளியானபோது ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு ஸ்ரீராம்புரத்துச் சந்தே கிளம்பிப் போயிருக்கிறது. எல்லாரும் நேரில் கேட்ட வசைக்காகக் காத்திருந்தார்கள். திரையில் அம்மாளின் வாய் திறந்தது. உள்ளேயிருந்து பூப்போல ஒரு மலையாளக் குரல் வந்தது. கொட்டகை சிரித்தது. எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தவர் கணவர்தான்.

தயாரிப்பாளர் மகளை நான் கீழே அழைத்துப் போனேன். அவளுடைய சிக்கலும் அந்த வாய்தான். கொச்சியிலிருந்து நல்ல மலையாளக் குரலை வரவழைத்துப் பேச வைத்துப் பார்த்திருக்கிறாள். பொருந்தவில்லை. அந்தக் காலத்து ரசிகர்கள் மன்னித்தார்கள். இந்தக் காலத்தில் உதடு கதவளவு பெரிதாகத் தெரிகிறது. வீட்டுக்காரி எப்படியும் தமிழச்சிதான், அசல் வார்த்தைகளையே அசல் வாய்க்குக் கொடுத்துவிட்டால் என்ன என்பது அவள் யோசனை.

அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு வேற ஒண்ணும் வாணாம்மா. சாகறதுக்குள்ள என் வாயில என் கொரல் வரணும். அவ்ளோதான்."

"அன்னிக்கு என்ன சொன்னீங்க ஆன்ட்டி? சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அம்மாள் வாயைத் திறந்தார். மூடினார். மடிக்கணினியில் இளவயது அம்மாள் சத்தமில்லாமல் திட்டிக்கொண்டிருந்தார். மறுபடி ஓட்டச் சொன்னார். "வெக்கம்னு ஒண்ணு வரும். அப்புறம்... ஐயோ, இன்னாவோ சொன்னேனே." எத்தனை முறை ஓட்டியும் அதற்கு மேல் வரவில்லை. தினமும் ஒருவரைத் திட்டுகிறவர்களுக்கு ஒரு நாளைய திட்டு தனியாக நினைவிருக்க நியாயமில்லை.

சோபா மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர், பேப்பரை இறக்காமலே சொன்னார்:

"வெக்கம் மானம் இருக்காய்யா உனக்கு? சம்பளத்தன்னிக்கு சாராயக்கட, மத்த நாளு என் வாசப்படியா? போ, எங்கனா போய் வுழு. காலு கழுவத் தண்ணி கூட ஊத்தமாட்டேன்."

அடுத்து ஒரு சொல். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. பதவிக்காலம் முழுவதும் அதை வெட்டச் சொல்லிக் கோப்பில் குறித்தவன் நான்.

தயாரிப்பாளர் மகள் படத்தைத் திரும்ப ஓட்டினாள். அவரைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். உதடும் சொல்லும் பூட்டும் சாவியுமாக உட்கார்ந்தன. அம்மாளின் மகள் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். "நைனா, இவ்ளோ நாளா மனப்பாடமா வச்சிருந்தியா?"

"திட்டினவளுக்கு மறந்துடும். வாங்கினவனுக்கு எப்டி மறக்கும்?"

"அந்த ஒரு சொல்லை விடமாட்டார்கள்" என்று நான் நினைவூட்டினேன். "சரியாக அந்த இடத்தில்தான் பெட்டி விழுகிறது. சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் உதடு அசையும், காது மாசுபடாது." சட்டத்துக்குள் இருந்தபடியே சட்டத்துக்குத் தண்ணி காட்டும் வித்தை எல்லா அலுவலகங்களிலும் சம்பளத்தோடு கற்றுக்கொடுக்கப்படுகிறது.

கணவர் பேப்பரை மடித்து வைத்தார். "இன்னும் ஒண்ணு இருக்கு. திரும்பிக்கினு உள்ள போவ சொல்ல ஒண்ணு சொன்னா. 'சோறு இருக்கு. துன்னுட்டுப் போ.'"

"பொய்யி!" அம்மாள் எழுந்தே விட்டார். "நான் சொல்லவே இல்ல. அன்னிக்கி இருந்த கோவத்துல இந்தாளுக்குச் சோறா?"

"நான் ஊட்டுக்குப் போலாமா, இல்ல அடுகோடிக்கே திரும்பிப் போய் பட்டறையில படுத்துக்கலாமான்னு நின்னுக்கினு இருந்தேன். சோறு இருக்குன்னா. அதான் வந்தேன். ஈரோவும் அத்தக் கேட்டுட்டுத்தான் உள்ள போனான்."

"யோவ், போதையில கனவு கண்டுட்டு, பொழுது போவலன்னு அளக்காத."

முதுகு திரும்பியிருந்ததால் உதட்டைப் பார்த்துத் தீர்ப்பு சொல்ல வழியில்லை. மதராஸில் டப்பிங் செய்தவர்களுக்கும் அதே கதிதான். வாய் தெரியாத இடத்தில் வசனம் இருக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? மௌனமாக விட்டுவிட்டார்கள். தயாரிப்பாளர் மகள் என்னைப் பார்த்தாள். அவள் கண் பளபளத்தது. நான் கட்டுரைகளை நினைத்துக்கொண்டேன். கருப்பை கண்டவரை விடப் பசி கண்டவர் சொல்வதே எனக்கு நம்பும்படி இருந்தது. ஆனால் நம்பிக்கைக்கு விண்ணப்பத்தில் இடம் கிடையாது.

டப்பிங் கூடம் பிரேசர் டவுனிலேயே ஒரு வீட்டு மாடியில் இருந்தது. அம்மாள் பட்டுப்புடவையில் வந்தார். கண்ணாடி அறைக்குள் நின்று, தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரே மூச்சில் பேசினார். நேரம் தவறவில்லை, கோபமும் குறையவில்லை. எல்லாம் சரி. ஒன்று மட்டும் சரியில்லை. திரையில் இருந்தவளுக்கு வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. அவள் வாயிலிருந்து ஒரு கிழவி பேசினாள்.

ஒலிப்பதிவுப் பையன் கணினியில் ஏதோ திருகி வயதைக் குறைத்துக் காட்டினான். அம்மாள் கேட்டுவிட்டு, "இது இன்னாப்பா, லிப்ட்ல பேசற பொம்பள மாதிரி கீது" என்றார். யாரும் மறுக்கவில்லை. கடைசியில் கூட வந்திருந்த ஆசிரியை மகளைப் பேச வைத்தார்கள். அம்மாவின் பழைய தொண்டை அவளிடம் அப்படியே இருந்தது. வகுப்பறையில் தினம் பழகிய கோபம் வேறு. இரண்டாவது முறையே முடிந்தது.

அம்மாள் வாழ்த்தினார். "என் பொண்ணுதான், வேற யாரோ இல்லியே" என்றார். பிறகு கைப்பையைத் திறந்து மூடினார். திரும்பவும் திறந்தார். உள்ளே எடுக்க வேண்டியது எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

தயாரிப்பாளர் மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, ஒரு லைன் பாக்கி இருக்கு. இருட்டுக்குள்ள போய்க்கிட்டே சொல்றது. அங்க வயசு தெரியாது. அத நீங்கதான் சொல்லணும்."

"நான் அத்தச் சொல்லலியேம்மா."

"சொல்லலன்னா அந்த இடம் முன்ன மாதிரியே சைலன்ட்டா போயிடும். பரவால்ல."

யாரும் வற்புறுத்தவில்லை. கணவர் ஜன்னல் வழியாகக் கீழே சாலையில் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் ஒயர்களைச் சுருட்டத் தொடங்கினான். அம்மாள் கண்ணாடி அறையைப் பார்த்தார், கணவரின் முதுகைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"இந்தாள வெளிய போவச் சொல்லுங்க."

கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். கதவு மூடியது. அம்மாள் மைக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பையன் திரும்பி நிற்கச் சொல்ல வாயெடுத்தான். தயாரிப்பாளர் மகள் அவன் தோளில் கை வைத்தாள். அம்மாள் சுவரைப் பார்த்து அந்த ஒரு வரியைச் சொன்னார். ஒத்திகை பார்க்கவில்லை. ஒரு தடவைதான். சொல்லாத வரியை அவ்வளவு சரியான இடத்தில் ஒருவர் சொல்வதை நான் என் உத்தியோகத்தில் கேட்டதில்லை.

மாற்றத்தைத் தெரிவிக்கும் மனுவை நானே எழுதினேன். சிதைந்த வசனத்துக்குப் பதில் புதிய வசனம், கூடுதலாக ஒரு வரி. கூடுதலுக்குக் காரணம் கேட்டார்கள். நாயகன் வீட்டுக்குள் போவதற்குக் காரணம் தேவைப்பட்டது என்று எழுதினேன். சாட்சி யார் என்று அவர்கள் கேட்கவில்லை. ஒப்புதல் வந்தது.

படம் இங்கே ஒரு வணிக வளாகத் திரையரங்கில், காலைக் காட்சியாகவே வெளியானது. நாங்கள் ஐந்து பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது. மகளின் குரல் அம்மாவின் வாயிலிருந்து வெடித்தது. பின்வரிசையில் விசில் அடித்தார்கள். பெட்டி விழுந்த சத்தத்தில் அந்த ஒரு சொல் சட்டப்படி அமிழ்ந்தது. வீட்டுக்காரி திரும்பி இருட்டுக்குள் நடந்தாள். உள்ளேயிருந்து, தாழ்ந்த, வயது சொல்ல முடியாத ஒரு குரல், சோறு இருக்கிறது, தின்றுவிட்டுப் போ என்றது. நாயகன் பெட்டியைத் தூக்கினான். அரங்கம் அதை இயல்பாக எடுத்துக்கொண்டது. யாருக்கும் அங்கே முன்பு ஒரு மௌனம் இருந்ததே தெரியாது.

அம்மாள் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். அது காலியாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, கைப்பேசி வெளிச்சத்தில் படியைத் தேடிக்கொண்டு கணவர் வந்து சேர்ந்தார்.

"எங்கய்யா போன?"

"பாத்ரூமுக்கு."

"அந்த எடம் போயிடுச்சி. என் கொரல் வந்துச்சி. நீ கேக்கலியே!"

கணவர் இருக்கையில் சரிந்து, காலை நீட்ட இடம் பார்த்துக்கொண்டார்.

"எனக்கு எதுக்கு? நான் அன்னிக்கே கேட்டேனே."

அம்மாள் படம் முடிந்து விளக்கு போடும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டிருந்த செருப்பைக் காலால் துழாவத் தொடங்கினார்.