“இனி நான்தான் உன் கஃபீல்”

போன வருடம் வைகாசி மாதம், இத்தாலியின் பலெர்மோவில் நடந்தது இது. லிபெர்த்தா பகுதியில் பெரிய கட்டடம் ஒன்றின் நாலாம் மாடியில் நான் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தேன். வீட்டுக்காரம்மாவை இங்கே எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி சிஞ்ஞோரா என்றுதான் நானும் கூப்பிடுவேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனுசி. இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை. என் மகள் தேவாலயத்தில் முதன்முதல் நற்கருணை வாங்கிய நாளுக்கு, அதுதான் முதல் நன்மைக்கு, வெள்ளைச் சட்டை எடுத்துத் தந்ததும் அவர்தான். அதனால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிஞ்ஞோராவின் மகன், மனைவியோடும் கைக்குழந்தையோடும் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். அவருக்கு எண்ணெய்க் கம்பனி ஒன்றில் பெரிய வேலை கிடைத்திருந்தது. எங்கே என்றால், பாலைவனத்தில் இருக்கிற ஒரு சின்ன நாட்டில். மன்னர் ஆட்சி, மண்ணுக்கடியில் எண்ணெய். பெயரைச் சொல்லமாட்டேன், எங்கள் பெண்கள் எத்தனையோ பேர் இன்னும் அங்கே வேலை செய்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்பு மன்னாரிலிருந்து நானும் அதே நாட்டுக்குத்தான் பணிப்பெண்ணாகப் போனேன். சிஞ்ஞோராவுக்கு அது தெரியும்.

மகன் அந்த நாட்டைப் பற்றிப் போனில் எதையோ எடுத்து வைத்துக்கொண்டு உரத்து வாசித்தார். சின்ன நாடு, உலகத்துப் பணக்கார நாடுகளில் ஒன்று. வரி கிடையாது. பெற்றோல் தண்ணீர் விலை. வானம் முட்டக் கட்டடங்கள். நீளமான அழகிய கடற்கரை. வீடுகளில் உதவிக்கு ஆள் வைப்பது சாதாரணம். வாசித்துவிட்டு, “நீதான் இருந்திருக்கிறாயே, எல்லாம் சரிதானா?” என்று என்னைக் கேட்டார்.

நான் என்னத்தைச் சொல்ல? மன்னாரில் கடலுக்குப் பக்கத்தில் பிறந்தவள் நான். அந்த நாட்டில் ஒருநாளும் கடலைக் கண்டதில்லை. வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்காரர்கள் கடற்கரைக்குப் போய் வருவார்கள். அவர்களுடைய செருப்புகளில் ஒட்டிவந்த மணலை வாசலில் கூட்டி அள்ளினது நான். அந்த மணலை வைத்துத்தான் கடல் கிட்ட இருக்கிறது என்றே எனக்குத் தெரியும். “ஓம், கடற்கரை இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கத்தரிக்காய்க் கறியைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

அப்போதுதான் சிஞ்ஞோரா சிரித்துக்கொண்டே விசயத்தைப் போட்டு உடைத்தார். என்னையும் மகன் குடும்பத்தோடு அனுப்பப் போகிறாராம். குழந்தையைப் பார்க்கத் தெரிந்த ஆள், அரபி கொஞ்சம் தெரிந்த ஆள், அந்த நாடு பழகின ஆள். இரண்டு வருடம்தானே. பக்கத்து வீட்டுக்குக் குக்கரை இரவல் கொடுக்கிற மாதிரித்தான் அவர் அதைச் சொன்னார்.

என் மனுசனும் பிள்ளையும் என்று இழுத்தேன். அவர்கள் இங்கேயே இருக்கட்டுமாம், லீவில் வந்து பார்க்கலாமாம். இவ்வளவு காலம் வெளியில் இருந்தால் என் பெர்மெஸ்ஸோ, அதுதான் இத்தாலியில் இருக்கத் தந்த அனுமதி, என்னாவது என்று கேட்டேன். அதைப் பிறகு பார்க்கலாமாம். மருமகள் அதற்குள் குழந்தையைத் தூக்கி என் கையில் வைத்துவிட்டார். பாவம், பால் வாசத்தோடு அது என் தோளில் சாய்ந்து படுத்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், நான் அரைவாசி இளகித்தான் போனேன்.

மகன் கையை நீட்டினார். “உன் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து தா. என்னுடையதோடு சேர்த்து நானே வைத்திருக்கிறேன், அங்கே போனாலும் பத்திரமாக இருக்கும்” என்றார். பிறகு, புதிதாகப் படித்த ஒரு சொல்லைச் சொல்லிக் காட்டுகிற சந்தோசத்தில், ஒரு கண்ணைச் சிமிட்டிக்கொண்டு சொன்னார்.

“இனி நான்தான் உன் கஃபீல்!”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உச்சியில் பத்திக்கொண்டு வந்தது.

கஃபீல் என்றால் என்ன என்று அந்தப் பக்கம் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். யாருடைய பொறுப்பில் நாம் அந்த நாட்டுக்குள் போகிறோமோ அவர்தான் கஃபீல். நான் இருந்த வீட்டில் என் பாஸ்போர்ட் அவருடைய மேசை லாச்சிக்குள் பூட்டிக் கிடந்தது. அவர் சொன்னால்தான் வேறு வீட்டுக்கு மாறலாம், அவர் விட்டால்தான் ஊருக்குப் போகலாம். என் கஃபீலை பாபா என்றும் அவருடைய மனைவியை மாமா என்றும் கூப்பிட வேண்டும். அம்மாவின் தம்பியைக் கூப்பிடுகிற சொல்லால் ஒரு பொம்பிளையைக் கூப்பிட எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு கன நாள் நிலைக்கவில்லை.

என் ஐயா, என்னைப் பெற்ற தகப்பன், செத்த செய்தி எனக்கு அந்த வீட்டுக் குசினியில்தான் வந்தது. ஊருக்குப் போகப் பாஸ்போர்ட்டைத் தாருங்கள் என்று மாமாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவர் கெட்டவர் இல்லை. என்னைக் கட்டிப்பிடித்து என்னோடு சேர்ந்து அழுதார். தன்னுடைய கையால் தேத்தண்ணி போட்டுத் தந்தார். ஆனால் லாச்சிப் பூட்டின் திறப்பு பாபாவிடம், பாபா வெளிநாட்டில். அவர் வந்த பிறகு நோன்பு முடியட்டும் என்றார்கள், நோன்பு முடிந்த பிறகு பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சோதனை முடியட்டும் என்றார்கள். நான் ஊருக்குப் போனபோது ஐயாவின் கல்லறையில் புல் முளைத்திருந்தது. அவருடைய முகத்தை நான் பார்க்கவே இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குத் தாங்காது.

குழந்தையை மெதுவாக மருமகளிடம் திருப்பிக் கொடுத்தேன். “நோ” என்றேன்.

அந்த வீட்டில் நான் “நோ” என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மகனுக்கு விளங்கவில்லை. சம்பளம் கூட்டித் தருவோம் என்றார். அதுக்கும் “நோ”. பாஸ்போர்ட் விசயம் வெறும் நடைமுறை, எல்லாரும் அப்படித்தான் என்றார். அந்த எல்லாரும் யார் என்று எனக்குத் தெரியும் என்றேன். சிஞ்ஞோராவின் முகம் வாடிவிட்டது. “நீ எங்கள் குடும்பத்து ஆள் மாதிரி அல்லவா?” என்றார்.

“குடும்பத்து ஆள் மாதிரிதான், சிஞ்ஞோரா. உங்கட மருமகளின்ர பாஸ்போர்ட் ஆரிட்ட இருக்கு?” என்று எனக்குத் தெரிந்த இத்தாலியத்தில் கேட்டேன்.

மருமகளின் கை தன்பாட்டில் கைப்பையின் மேல் போனது. நான் குசினிக்குப் போய்ச் சட்டி பானை எல்லாவற்றையும் மினுங்க மினுங்கக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் இறங்கினேன். வேலையை அரைகுறையில் போட்டுவிட்டுப் போனாள் என்று ஒரு சொல் எனக்கு வரக்கூடாது, அது என் குணம்.

கபோ சந்தைக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. போனவுடனேயே மனுசனிடம் சொன்னேன். அவருக்கு முகம் வெளிறிவிட்டது. நியாயம்தான். அந்த வருடம்தான் எங்கள் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க வேண்டிய வருடம். அவர் வேலை செய்த உணவகத்தில் எழுத்தில் ஒன்றும் இல்லை. முறையான வேலை ஒப்பந்தம் என்று எங்களிடம் இருந்தது என்னுடையது ஒன்றுதான். அது போனால் மூன்று பேருடைய இருப்பும் அந்தரத்தில்.

“கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுறன் எண்டாவது சொல்லியிருக்கலாமேயப்பா. எடுத்த எடுப்பிலை இப்பிடி வெட்டிக் கதைக்கிறதே?” என்றார்.

“யோசிக்க என்ன கிடக்கு? வேணுமெண்டால் நீங்கள் போங்கோ. நல்லாப் பிள்ளை பாப்பியள்” என்றேன்.

கோபத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் நித்திரை கொள்ளவில்லை என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் நானும் கொள்ளவில்லை.

நான் பயந்ததுதான் நடந்தது. அடுத்த மாதத்தோடு போதும் என்று சிஞ்ஞோரா சொல்லிவிட்டார். தர வேண்டியதை ஒழுங்காகத் தந்து, வாசல்வரை வந்து, என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். என் மனமும் இளகியது. முடிவு மட்டும் இளகவில்லை.

பிறகு பட்ட பாட்டை ஏன் கேட்கிறீர்கள்! மாதா கோவிலில் கண்டவர்களிடம் எல்லாம் சொல்லிவைத்தேன். சந்து சந்தாக, ஒழுங்கை ஒழுங்கையாக வீடுகள் ஏறி இறங்கினேன். “கிடைச்ச வாய்ப்பை உதறிப்போட்டு இப்ப வேலை தேடுறா, விசர்” என்று எங்கள் ஆட்களே என் காதுபடச் சொன்னார்கள். சொல்லட்டும். கடைசியில் ஒரேத்தோ தெருப் பக்கத்தில் நடக்க மாட்டாத ஒரு கிழவியைப் பார்க்கிற வேலை கிடைத்தது. ஒப்பந்தம் எழுத அவருடைய மகள் பாஸ்போர்ட்டைக் கேட்டார். கொடுத்தேன் என்றா நினைக்கிறீர்கள்? நான் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் பார்த்துப் பார்த்து எழுதினார். என்னைக் கொஞ்சம் கழன்ற கேஸ் என்று நினைத்திருப்பார். ஆனால் எழுதினார்.

அந்த ஒப்பந்தத்தோடு குவெஸ்தூராவுக்குப் போனோம். வெளிநாட்டுக்காரருக்குப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற பொலிஸ் அலுவலகம் அது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி என் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, நாற்காலியில் போய் இருக்கச் சொன்னார், கூப்பிடுவாராம். எல்லோரும் போய் இருந்தார்கள். நான் இருக்கவில்லை.

“இஞ்சை வாரும், எல்லாரும் பாக்கினம்” என்று மனுசன் கையைப் பிடித்து இழுத்தார்.

“பாக்கட்டும். அது என்ர கைக்கு வரட்டும், வாறன்” என்றேன்.

அதிகாரி இரண்டு தடவை நிமிர்ந்து முறைத்தார். நானும் முறைத்தேன். கால் உளைந்தது, பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், நான் கண்ணாடியை விட்டு அசையவில்லை. கடைசியில் அந்த மனிதர், இந்தக் கரைச்சலைத் தொலைத்தால் போதும் என்ற முகத்தோடு, மற்றவர்களுக்கு முந்தி என் அலுவலை முடித்துப் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்தார். எங்கள் மூன்று பேருக்கும் பெர்மெஸ்ஸோவும் வந்து சேர்ந்தது.

இப்போது சம்பளம் முன்னையைவிடக் குறைவு, வேலை கூட. சிஞ்ஞோராவை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது, அவர் எனக்குச் செய்த நன்மைகளை நான் மறக்கவில்லை. ஆனால் கேட்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், என் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் நான் போகலாமா வேண்டாமா என்பதை இனி இன்னொருவர் எனக்குச் சொல்ல விடமாட்டேன்.