அவள் சிரிக்காத சிரிப்பு

தி.நகரில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஆன்லைன் வீடியோக்களுக்கு மோஷன் கிராபிக்ஸ் செய்வதுதான் தொழில். திரையில் ஏதாவது அசைந்துகொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பார்க்கிறவர் விரல் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடும் என்று வருகிற எல்லோரிடமும் சொல்வேன்.

பட்டினப்பாக்கத்தில் மீன் கடை வைத்திருப்பவர் ஒருவர், மனைவியின் கண்ணீர் அஞ்சலி வீடியோவுக்காக வந்தார். காரியத்துக்கு முன் சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டுமாம். போட்டோ என்றாலே அந்த அம்மா ஒளிந்துகொள்வாராம். ரேஷன் கார்டுக்கு எடுத்த ஒரே படம்தான் இருந்தது.

விளக்குச் சுடரும் உதிரும் பூக்களும் சேர்த்தேன். அதோடு விடாமல் அந்த அம்மாவைக் கண் இமைக்க வைத்து, பல் தெரியச் சிரிக்கவும் வைத்தேன். பார்த்ததும் கடைக்காரர் உடைந்துவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் அழவில்லை. "இது யாரு நைனா?" என்றார்.

"உங்க வீட்டம்மாதாங்க."

"அவ சிரிச்சா கையால வாய மூடிக்குவா. முன்பல்லு ஒண்ணு ஒடஞ்சி இருந்துச்சி, அந்த வெக்கம். இது வேற யாரோ மாரி கீது. போட்டோவ அப்படியே உடு."

அசையாத படத்தை வைத்துக் கொடுத்தேன். முழுவதும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

அவர் போன பிறகு என் போனை எடுத்தேன். இறந்துபோன என் அம்மாவின் போட்டோவையும் இப்படித்தான் சிரிக்க வைத்து, தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அதைப் போடாமல் கண்ணை மூடி, அம்மா எப்படிச் சிரிப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன்.

எவ்வளவு யோசித்தும் நான் செய்த சிரிப்புதான் வந்தது.