ஆறு பெண்களுக்கு ஒரே நம்பர்

வேலாமணி பயந்த பிறவி. அருவங்காட்டுத் தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்தவள். ஷிப்டுக்குச் சங்கு ஊதினால் அம்மாவின் முந்தானைக்குள் போய்விடுவாளாம். கல்யாணமாகிக் கூடலூர்ப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டான சேரங்கோட்டுக்கு வந்த பிறகு யானைக்குப் பயம், அட்டைக்குப் பயம், மாமியாரைச் சொல்லவே வேண்டாம். ஆனால் கை மட்டும் பயம் அறியாது. தையல் மெஷினில் உட்கார்ந்தால் வைத்த கண் வாங்காமல் பார்க்கலாம். எஸ்டேட் பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் திட்டம் ஒன்று அந்தப் பக்கம் வந்தபோது, அந்தக் கையைப் பார்த்துத்தான் அவளை டீச்சராகப் போட்டார்கள். கணவன் ஆறுச்சாமி ஜீப் ஓட்டி ஓட்டி முதுகு போய் வீட்டோடு கிடந்த சமயம். அவள் வேலைதான் அடுப்பெரித்தது.

மூன்று மாதம் பயிற்சி, முடித்ததும் திருப்பூர்ப் பக்கம் வேலை. அதோடு விட்டார்களா? போன பெண் வேலையில் நிலைத்திருக்கிறாளா என்று சென்னை ஆபீஸிலிருந்து மாதம் ஒருமுறை போன் செய்து கேட்பார்கள். நூற்றுக்கு எழுபது பேராவது "இருக்கிறேன்" என்று சொல்லியாக வேண்டும். குறைந்தால் சென்டரை மூடிவிடுவார்கள். அப்படி மூடிய ஒரு சென்டரின் மெஷின்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதை வேலாமணி கண்ணால் பார்த்திருக்கிறாள். அன்று இரண்டு வாய்ச் சோறு இறங்கவில்லை அவளுக்கு.

எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளில் பாதிப் பேரிடம் போன் கிடையாது. இருந்தாலும் சிக்னல் கிடைக்காது. விண்ணப்பத்திலோ போன் நம்பர் இல்லையென்றால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கே போகாது. வேறு வழி தெரியாமல் ஆறு பெண்களுக்கு வேலாமணி தன் நம்பரையே போட்டாள். கம்ப்யூட்டரும் ஒரே நம்பரை ஆறு தடவை வாங்கிக்கொண்டது, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் போன் வந்தபோது அவள் உண்மையைத்தான் சொன்னாள். "அந்தப் பொண்ணு திருப்பூர்ல இருக்குதுங்க. நல்லா இருக்குதுங்க." அது செல்லாதாம். சம்பந்தப்பட்ட பெண்ணே பேச வேண்டுமாம். இல்லாவிட்டால் வேலையில் இல்லை என்று எழுதிக்கொள்வார்களாம். இரண்டாவது போனில் வேறொரு பெண்ணின் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். வேலாமணி குரலைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொண்டு, "நான்தானுங்க பேசறேன்" என்றாள்.

அன்றிலிருந்து அவளே ஆறு பெண்கள். ஆறு பேருக்கும் ஒரே குரல், ஒரே பதில். போனில் கேட்ட பெண்ணுக்கும் இன்றைக்கு இத்தனை பேரை முடிக்க வேண்டும் என்று யாராவது கழுத்தில் கத்தி வைத்திருப்பார்கள் போல, அவளும் கண்டுகொள்ளவில்லை. இதற்குப் பெயர் கண்காணிப்பு. ஆனால் வேலாமணி ஒவ்வொரு தடவையும் செத்துப் பிழைத்தாள். தெரியாத நம்பர் என்றால் போதும், உள்ளங்கை வேர்த்துவிடும். பெயர் காதில் விழுந்ததும் மளமளவென்று ஒப்பித்துவிட்டு, எதிராளி இன்னொரு கேள்வி கேட்பதற்குள் போனை வைத்துவிடுவாள்.

ஐந்து பெண்கள் ஒரே கம்பெனியில் இருந்தார்கள். ஊருக்கு வந்துபோனார்கள், சேதி தெரிந்தது. தபித்தாள் மட்டும் தனியாக அவிநாசிப் பக்கம் ஒரு மில் விடுதிக்குப் போயிருந்தாள். அவள் அம்மா ஜெஸிந்தா, கொழுந்து பறிக்கிறவள், ஞாயிறுதோறும் கோயில் முடிந்து நேரே வந்துவிடுவாள். "டீச்சர், புள்ளை எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கறாளுங்க்கா. ஆபீஸ்ல இருந்துகூட விசாரிச்சாங்க."

சொல்லிச் சொல்லி வேலாமணிக்கே அது நிஜம் போலத் தோன்றிவிட்டது. அந்த ஒரு விஷயத்தில்தான் அவளுக்குப் பயமே இல்லாமல் போயிற்று என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். பதினைந்து மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. தெரியாத நம்பர். வேலாமணி வராந்தாவுக்கு ஓடினாள்.

"தபித்தாள்..." என்று ஒரு பெண் குரல் ஆரம்பித்தது.

"ஆமாங்க, தபித்தாள்தானுங்க பேசறேன். வேலை நல்லா இருக்குதுங்க, சாப்பாடு நல்லா இருக்குதுங்க, ஒரு குறையும் இல்லைங்க."

அந்தக் குரல் நிதானமாக வந்தது. "மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு போலீஸ் பேசறேன். தபித்தாள்னு ஒரு பொண்ணு காய்ச்சலோட என் முன்னாடி உக்காந்திருக்குது. டிரெயினிங் கார்டுல இந்த நம்பர்தான் இருக்குது. அப்ப நீ யாரும்மா?"

"டீச்சருங்க" என்று மட்டும் வந்தது வேலாமணிக்கு.

மலைச்சரிவில் பறித்துக்கொண்டிருந்த ஜெஸிந்தாவைக் கூப்பிட்டுக்கொண்டு கூடலூர் பஸ் பிடித்து, அங்கிருந்து ஊட்டி, ஊட்டியிலிருந்து கீழே. ஆறு மணி நேரம் இரண்டு பேரும் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் வேலாமணி என்னென்னவோ நினைத்தாள். பிள்ளைக்கு என்ன ஆகியிருக்கும், போலீஸ் என்ன கேட்கும், சென்னைக்குத் தெரிந்தால் என்ன ஆகும். எது பெரிய பயம் என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பர்லியாறு தாண்டும்போது ஜெஸிந்தா கேட்டாள்: "போன ஞாயித்துக்கிழமைகூட நல்லா இருக்கான்னுதானே சொன்னீங்க டீச்சர்?"

"ஆபீஸ்ல அப்படித்தான் சொன்னாங்க்கா" என்றாள் வேலாமணி. அப்போதும் பொய்தான் வந்தது.

தபித்தாள் போலீஸ்காரர்களின் பெஞ்சில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். பாதி உடம்பாகியிருந்தாள். இடது கையில் இரண்டு விரலுக்குக் கட்டு. மெஷினில் சிக்கிப் பத்து நாளாயிற்றாம். விடுதியில் மாத்திரை கொடுத்து மறுபடி வேலைக்கு நிறுத்தினார்களாம். முந்தின நாள் வாசலில் லாரி நின்ற சமயம் பார்த்து நழுவி வந்துவிட்டாள். அம்மாவைக் கண்டதும் அழக்கூடத் தெம்பில்லை அவளுக்கு. ஜெஸிந்தா ஒரு பக்கமும் வேலாமணி மறுபக்கமும் உட்கார்ந்தார்கள்.

"ஏம்மா ஒரு போன் போட்டிருக்கக் கூடாது? டீச்சர் நம்பர் உன்கிட்ட இருந்துச்சே?" என்று கேட்டாள் ஜெஸிந்தா.

"போட்டேன்மா. கை அடிபட்ட அன்னைக்கே சமையக்காரம்மா போனை ஒளிச்சு வாங்கிப் போட்டேன்." தபித்தாள் வேலாமணியைத் திரும்பிப் பார்த்தாள். "தபித்தாள் பேசறேன்னு முழுசாச் சொல்லக்கூட இல்லை டீச்சர். யாரோ ஒரு பொம்பளை சின்னக் குரல்ல, நான்தான் தபித்தாள், ஒரு குறையும் இல்லைன்னு சொல்லிட்டு வெச்சுட்டா. எனக்குப் பயமாப் போச்சு. அப்புறம் போடவே இல்லை. யாரு டீச்சர் அது?"

போலீஸ் ரைட்டர் மேசையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"நான்தான் பேசினேன் தபித்தா" என்றாள் வேலாமணி. "ஆபீஸ்காரங்கன்னு நெனச்சுட்டேன்."

ஜெஸிந்தா மெதுவாக எழுந்தாள். மகளைத் தோளோடு அணைத்துத் தூக்கி, பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்த்தி உட்காரவைத்தாள். பிறகு இருவருக்கும் நடுவில் வந்து, வேலாமணிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.