மாடிக்கு வந்த ஸ்பெயின் அக்கா

ஐந்தாவது வரைதான் படித்தவன். என் எழுத்து, பௌர்ணமி அன்று கிரிவலம் போகும் கூட்டம் மாதிரி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு போகும். பிழைகளும் நடுவில் வரும். கொஞ்சம் வழிவிட்டுப் படியுங்கள்.

அப்பாவுக்குச் செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜில் வேலை. ஒருநாள் அங்கே தங்கியிருந்த ஸ்பெயின் நாட்டு அக்கா ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். தமிழ் படிக்க வந்தவராம். ஒரு குடும்பத்தோடு இருந்தால்தான் பேச்சு வரும் என்று அவருடைய வாத்தியார் சொன்னாராம். மாடி அறையைக் கொடுத்தோம். அவரிடம் ஒரு சைக்கிள் இருந்தது. சாயங்காலத்தில் அதை எனக்குத் தருவார். எனக்கு அது போதும்.

படிக்க வந்தவர் காதில் தப்பான தமிழ் விழக்கூடாது என்று அப்பா முடிவு செய்தார். அன்றிலிருந்து ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி, "தாங்கள் சிற்றுண்டி அருந்திவிட்டீர்களா?" என்று கேட்க ஆரம்பித்தார். அம்மாவிடம் தனியாக, "நீ வாயத் தொறந்து கெடுத்துடாத" என்றார்.

அம்மா வாயைத் திறக்கவில்லை. டம்ளரைத் தூக்கிக் காட்டினால் காபி. புருவத்தைத் தூக்கினால், இன்னும் சோறு வேண்டுமா என்று அர்த்தம். எனக்கோ பிறவியிலேயே கூச்சம். வீட்டில் கடிகாரச் சத்தம் நன்றாகக் கேட்டது.

ஒருநாள் அக்கா பழக்கடையில், "ஐயா, எனக்கு நான்கு வாழைப்பழங்கள் வேண்டும்" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் பக்கத்துக் கடைக்காரர்களையும் கூப்பிட்டு, மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டாராம். முகம் சிவந்து வந்த அக்கா, மாதக் கடைசியில் வேறு வீடு பார்ப்பதாக அப்பாவிடம் சொன்னார். "இங்கே எல்லோரும் நல்லவர்கள். ஆனால் யாரும் பேசுவதில்லை."

சைக்கிளும் போய்விடும் என்று எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அம்மாவும் சரியாகச் சாப்பிடவில்லை. அவளுக்கு எதற்குச் சைக்கிள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அம்மா மொட்டைமாடியில் பழைய புடவையை விரித்துக் கூழ்வடகம் ஊற்றியிருந்தாள். காய்கிற நேரத்தில் மலைப்பக்கமிருந்து ஒரு குரங்கு வந்தது. புடவையின் முனையைப் பிடித்து மொத்தத்தையும் கைப்பிடிச்சுவர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தது. அம்மா துடைப்பத்தோடு ஓடினாள், பின்னால் நான். பல நாளாய் அடைத்து வைத்தது எல்லாம் வெளியே வந்தது.

"அடி எடுபட்ட குரங்கே, காத்தாலேர்ந்து வெயில்ல வெந்து நான் ஊத்துவேன், நீ மாப்ள மாதிரி சாய்ஞ்சிக்கினு துன்னுவியா? இரு, ரசமும் எடுத்தாறேன்."

திரும்பினால் படியில் அக்கா. அம்மா நாக்கைக் கடித்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னொரு முறை சொல்லுங்கள்" என்றார் அக்கா.

அம்மா என்னைப் பார்த்தாள், குரங்கைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். அக்காவும் குரங்கைப் பார்த்துத் திருப்பிச் சொன்னார். வடகத்தை மென்றபடி அது இருவரையும் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து சமையல்கட்டில் பேச்சு ஓயவில்லை. பிறந்த வீட்டுக் கிணற்றிலிருந்து நாத்தனார் பேசிய பேச்சு வரை அம்மா சொல்லுவாள், அக்கா திருப்பிக் கேட்பார். ஒரு மத்தியானம் அப்பா, "தாங்கள் உணவு அருந்தியாயிற்றா?" என்றார். "துன்னுட்டேங்க. இன்னிக்கி காரம் ஜாஸ்தி" என்றார் அக்கா. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

வேறு வீடு பார்க்கும் பேச்சு அதோடு நின்றது. அக்கா மலையில் கார்த்திகை தீபம் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் போனார். சைக்கிளை எனக்கே கொடுத்துவிட்டார். அந்தத் தெருவில் அன்று என்னைவிடச் சந்தோஷமான ஆள் கிடையாது.

அதன் பிறகு கொஞ்ச நாள், அம்மா சமையல்கட்டில் எதையாவது சொல்லிவிட்டுச் சற்று நிறுத்துவாள். பிறகு அதையே மெதுவாக இன்னொரு முறை சொல்லுவாள்.

"ஏம்மா சொன்னதையே சொல்ற? எனக்குக் காது கேக்குது" என்பேன், சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே. அவளை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டவர் அந்த வீட்டில் அக்கா ஒருத்தர்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

எழுதியது: ஐப்பசி மாதம், பௌர்ணமிக்கு மறுநாள்.