கப்பல் இடித்த இடம்

விற்பனைப் பிரதிநிதி தன் கைபேசியை எங்கள் இருவருக்கும் நடுவே நீட்டினார். திரையில் திருவொற்றியூரின் வரைபடம், அதில் ஒரு நீலப் புள்ளி. ஷோரூம் வாசலில் நின்ற வெள்ளை மின்சாரக் கார்தான் அந்தப் புள்ளி.

"வண்டி எங்க நின்னாலும் இது காட்டும் சார். உங்களுக்கும் தெரியும், கம்பெனிக்கும் தெரியும். ஃபாக்டரி கேட்டைத் தாண்டினதுலேர்ந்து உங்க வீட்டு வாசல் வரைக்கும் எந்த நிமிஷம் எங்க இருக்குன்னு அங்க ஸ்கிரீன்ல ஓடிட்டே இருக்கும்."

"கப்பல்ல வரும்போதும்?"

"கப்பல்ல வரும்போதும் சார்."

என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும்.

கம்பெனி யாருடையது என்று கேட்டேன். அதற்காகவே காத்திருந்தவர்போல அவர் முகம் மலர்ந்தது. "தனியார் இல்ல சார். அந்த நாட்டு கவர்மெண்டே நடத்தறது. நாளைக்குக் கடையை மூடிட்டு ஓடிப்போற பார்ட்டி கிடையாது."

அந்த நாட்டின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. நிரூபிக்கப்படாத ஒன்றின் பக்கத்தில் பெயர் போடக் கூடாது என்பது நாளிதழ் வேலையில் எனக்குப் படிந்த பழக்கம். வேலை முடிந்துவிட்டது, பழக்கம் போகவில்லை.

எங்கள் தெருவுக்குத் தினமும் மீன் கொண்டுவரும் பெண் முகத்துவாரக்குப்பத்தைச் சேர்ந்தவர். போணி எங்கள் வீட்டில்தான். என் மனைவியின் கை ராசியானது என்று எப்போதோ முடிவு செய்துவிட்டார். அவர் கணவர் முன்பெல்லாம் ஆற்றில்தான் இறால் பிடித்துக்கொண்டிருந்தார். ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து இறால் இல்லாமல் போன பிறகு, இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து ஃபைபர் படகில் கடலுக்குப் போக ஆரம்பித்தார்.

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்த கையோடு, விடிவதற்கு முன்னால், அந்தப் படகின் மேல் ஒரு கப்பல் ஏறியது. ஜன்னலே இல்லாத கட்டடம் ஒன்று மிதந்து வருவதுபோல் இருக்கும் கார் ஏற்றும் கப்பல். அது நிற்கவில்லை. இரண்டு பேர் டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். வெயில் ஏறிய பிறகு வேறொரு படகு அவர்களைத் தூக்கியது. மூன்றாமவர், அந்தப் பெண்ணின் கணவர், கிடைக்கவில்லை. படகின் உடைந்த துண்டு ஒன்று சில நாள் கழித்து வடக்கே பழவேற்காட்டுப் பக்கம் ஒதுங்கியது.

இடம் காட்டும் ஜிபிஎஸ் கருவியும் படகோடு மூழ்கிவிட்டது. பிழைத்த இருவரும் இடத்தைப் பற்றி ஒத்துப்போகவில்லை. வள்ளூர் மின்நிலையப் புகைபோக்கிகள் நேர் மேற்கே தெரிந்தன என்றார் ஒருவர். இல்லை, அவை தெற்கே விலகிப் போயிருந்தன என்றார் மற்றவர். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு கடல் இருக்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

கடலில் போய் உடல் கிடைக்காதவருக்கு, அவர் போன இடத்திலேயே பால் ஊற்றிப் பூப்போட வேண்டும் என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். அதன் பிறகுதான் மனைவியின் தாலியை எடுப்பார்கள். இடம் தெரியாததால் பால் ஊற்றவில்லை. பால் ஊற்றாததால் தாலி கழுத்திலேயே இருந்தது. பேசுகிறவர்கள் பேசினார்கள். அவர் அதை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு கூடையைத் தூக்கினார்.

அந்த விடியலில் எண்ணூர்த் துறைமுகத்துக்குள் வந்த கார் கப்பல் ஒன்றே ஒன்றுதான். ராயபுரத்தில் இருந்த அதன் ஏஜெண்டின் அலுவலகத்துக்கு அவரை நான் அழைத்துப் போனேன். ஏஜெண்ட் மரியாதையான மனிதர். எங்களுக்கு டீ வரவழைத்தார். மோதியதாகக் கப்பலில் யாருக்கும் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார்.

"மோதுனாங்கோ மோதல, அத்த வுடு நைனா. அந்த நேரத்துக்கு கப்பலு எங்க வந்துகினு இருந்துச்சி, அத்த மட்டும் சொல்லச் சொல்லு. மத்தத எங்காளுங்கோ பாத்துக்குவாங்கோ."

"அது கப்பல் ரெக்கார்டும்மா. கப்பல் ஒரு நாட்டு அரசாங்கத்துது. எனக்கே தரமாட்டாங்க. அரசாங்கத்து மேல கேஸும் போட முடியாது."

"கவர்மெண்டுன்னா அதுக்கு வூடு வாசலு இல்லியா? எதுர போய் நின்னு கேக்கறதுக்கு?"

"அவங்க தூதரகம் டில்லியில இருக்கும்மா."

"டில்லிக்கு மீன் கூடைய தூக்கிகினு போறதா?" என்று கேட்டுவிட்டு அவர் டீயைக் குடித்தார்.

டில்லிக்கு நான் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். கப்பல்களின் பாதையைக் காட்டும் இணையதளத்தில் தேடினேன். அந்தக் கப்பலின் பாதை புள்ளி புள்ளியாக வந்து, வேண்டிய அந்த நேரத்தில் மட்டும் புள்ளிகள் இல்லாமல், ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் ஒரு நேர்கோடாக இருந்தது. அது ஏன் அப்படி என்பதற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். எனக்குத் தெரியாது.

மீன்காரப் பெண்ணின் தம்பி துறைமுகத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. கப்பலுக்குள்ளிருந்து புதுக் கார்களை ஓட்டிவந்து யார்டில் நிறுத்துவது அவன் வேலை. சட்டையில் பட்டன் இருந்தால் கீறல் விழும் என்று பட்டன் இல்லாத சட்டை. அந்த நாட்டுக் கப்பல் வந்தால் யாரும் வேலைக்குப் போகக் கூடாது என்று குப்பத்தில் கூடிப் பேசிக் கட்டுப்பாடு போட்டார்கள். அடுத்த கப்பல் வந்தபோது ஒருவரும் போகவில்லை. ஒப்பந்ததாரர் வடமாநிலத்துப் பையன்களை வேனில் கூட்டிவந்து இறக்கிக்கொண்டார். அதற்கடுத்த கப்பலுக்குக் குப்பத்துக்காரர்களே போய்க் கேட்டுக்கொண்டு ஏறினார்கள்.

"இன்னா பண்றது சார்," என்றான் தம்பி. "நாங்கோ ஓட்டலன்னா காரு கப்பல்லயே கீதா? அது பாட்டுக்கு எறங்குது."

ஷோரூமிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் மனைவி முழங்காலைத் தடவிக்கொண்டே வந்தாள். ரயில் நிலையத்துப் படிகளில் அவள் ஏற முடியாமல் போய் நாளாகிவிட்டது. கார் என்ற பேச்சே அதனால்தான் வந்தது. வீட்டுக்கு வந்து மின்விசிறியைப் போட்ட பிறகு ஆரம்பித்தாள்.

"உங்க கையில இருக்கற ஃபோன் எந்த ஊருது?"

"அதே ஊருதான். ஆனா அது ஒரு முதலாளியோட கம்பெனி. இது அரசாங்கமே செய்யற கார். அந்தக் கப்பலும் அதே அரசாங்கத்துது. நாம குடுக்கற பணம் ஒரே பெட்டிக்குத்தான் போகுது."

"நம்ம அரசாங்கம் மட்டும் என்னவாம்? ஆத்துல சாம்பலைக் கொட்டினது யாரு? ஆத்துல எறா இருந்தா அந்த மனுஷன் ஏன் கடலுக்குப் போறாரு? அந்தக் கரண்ட்லதான் இந்த ஃபேன் சுத்துது. நிறுத்திடவா?"

அவள் சொன்னது சரி. ஆனாலும் ஒரு வித்தியாசம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. முதலாளி என்றால் பெயர் கெடும் என்ற பயம் இருக்கும், வழக்குப் போட ஒரு முகவரி இருக்கும். நம் அரசாங்கம் என்றால் அதன் முன்னால் போய்ச் சாலையில் உட்காரலாம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அது நம் வாசலுக்கு வரும். இந்த வெளிநாட்டு அரசாங்கம் கார் விற்கும்போது வியாபாரியாக இருக்கிறது, கேள்வி கேட்டால் அரசாங்கமாகிவிடுகிறது. மனைவியிடம் இதைச் சொன்னேன்.

"நல்லா இருக்கு. பேப்பர்ல எழுதுங்க," என்றாள். "எனக்குக் கால் வலிக்குது."

கம்பெனி யாருடையது என்று கேட்பதற்கு முன்பே முன்பணம் கட்டியிருந்தோம். அதை ரத்து செய்வதா வேண்டாமா என்று நான் இழுத்துக்கொண்டிருந்தேன். ஒரு காலை, கூடையை இறக்கிப் போணிக்குக் கவளை மீனை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்த மீன்காரப் பெண்ணிடம் மனைவியே போட்டு உடைத்துவிட்டாள்.

"கார் வருதுன்னு சொன்னேன்ல, வராது போல. அது உங்க வீட்டுக்காரரை இடிச்ச கப்பலோட கவர்மெண்ட் செய்யற காராம். சார் யோசிக்கிறாரு."

அவர் மீனைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நான் சொன்னேனா நைனா, வாங்காதன்னு?"

"இல்லம்மா."

"நீ வாங்கலன்னா அவங்கோ வந்து எடத்த சொல்லிடுவாங்களா?"

"சொல்லமாட்டாங்க."

"அப்பறம் இன்னாத்துக்கு யக்காவ நடக்க வுட்ற?" கையைத் தண்ணீரில் அலசிவிட்டு நிமிர்ந்தார். "நான் ஒண்ணு சொல்றேன் கேளு. நான் போய் கேட்டா யாரு இவன்னு கேப்பாங்கோ. நீ காரு வாங்குற ஆளு. கஸ்டமரு. ஒனக்குன்னா ஃபோன எடுப்பாங்கோ இல்ல? நீ கேளு. காரு வாங்கறேன், மொதல்ல இத்த சொல்லுன்னு கேளு."

நாளிதழில் இருந்தவன் நான். மனு, வழக்கு, கடிதம், இணையதளம் எல்லாம் யோசித்துப் பார்த்தாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். இது எனக்குத் தோன்றவே இல்லை. பலிக்காது என்றும் தெரிந்தது. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தேன். உடனே எடுத்தார்கள். கனிவான பெண் குரல். முன்பதிவு எண்ணைச் சொன்னதும் என் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தது. உங்கள் நிறுவனத்தின் கப்பல் குறிப்பிட்ட ஒரு விடியற்காலையில் எண்ணூருக்கு வெளியே எந்த இடத்தில் இருந்தது என்று தெரிய வேண்டும் என்றேன். வண்டியின் நிறத்தை மாற்ற விரும்புகிறீர்களா என்று கேட்டது. மறுபடியும் சொன்னேன். குரல் என்னைக் காத்திருக்கச் சொன்னது. இசை வந்தது. பிறகு இணைப்பு அறுந்தது.

ஷோரூமுக்குப் போனேன். அந்தப் பிரதிநிதி முழுவதையும் கேட்டார். அவர் எர்ணாவூர்க்காரர். ஒரு மாமா கடலில் போனவர் என்று அவராகவே சொன்னார். "மேல கேட்டுப் பாக்கறேன் சார்" என்றார். சில நாள் கழித்துத் தன் சொந்த எண்ணிலிருந்து கூப்பிட்டார்.

"சார், அது வேற டிபார்ட்மெண்ட்டாம். அதைப் பத்தி யார்கிட்டயும் பேசாதேன்னு சொல்லிட்டாங்க. எதுக்குக் கேக்கறேன்னு என்னையே கேட்டாங்க சார்." குரலில் பயம் இருந்தது. "தயவுசெஞ்சு என் பேரை எங்கயும் சொல்லிடாதீங்க."

முன்பதிவை ரத்து செய்தேன். கொள்கை என்று சொல்ல மாட்டேன். அந்த வண்டியில் உட்கார்ந்து நீலப் புள்ளியைப் பார்க்க என்னால் முடியாது, அவ்வளவுதான். பணம் ஒழுங்காகத் திரும்பி வந்தது. அதே மாதத்தில் எதிர்வீட்டுக்காரர் அதே வண்டியை வாங்கினார். எங்களுக்கு வரவேண்டிய வண்டியாகவே இருக்கலாம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியபோது மனைவி ஜன்னலில் நின்று பார்த்தாள். இப்போதும் ஆஸ்பத்திரிக்குப் போகக் கால் டாக்சி கூப்பிடுகிறோம். பாதி நாள் வருவது அந்தக் கம்பெனி வண்டிதான். எந்த வண்டி வரும் என்பது நம் கையில் இல்லை.

ஆண்டு திரும்பியது. அதற்கு மேல் தள்ளக் கூடாது என்று குடும்பத்தில் முடிவெடுத்தார்கள். பிழைத்த இருவரையும் கூட்டிக்கொண்டு தம்பி படகில் போவது, அவர்கள் இருவரும் பேசி ஓர் இடத்தை ஒத்துக்கொள்வது, அங்கே பால் ஊற்றுவது என்று ஏற்பாடு. பெண்கள் கரையில் நிற்பது வழக்கம். நானும் அங்கே நின்றேன்.

படகு முகத்துவாரத்தைத் தாண்டிப் போனது. ஒரு இடத்தில் நின்றது. பிறகு வடக்கே நகர்ந்து மறுபடி நின்றது. திரும்பித் தெற்கே வந்தது. படகில் ஒருவர் எழுந்து புகைபோக்கிகளை நோக்கிக் கையை நீட்டினார், மற்றவர் வேறு பக்கம் நீட்டினார் என்று தம்பி பிறகு சொன்னான். வெகுதூரத்தில், உள்ளே வர முறை காத்து, ஜன்னல் இல்லாத கப்பல் ஒன்று நங்கூரம் போட்டிருந்தது. எந்த நாட்டுக் கப்பல் என்று அவ்வளவு தூரத்திலிருந்து சொல்ல முடியாது. மீன்காரப் பெண் அதைப் பார்க்கவே இல்லை. படகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

படகு திரும்பியபோது செம்பில் பால் அப்படியே இருந்தது.

"ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கறானுங்கோக்கா," என்றான் தம்பி. "ஒருத்தன் இங்கன்றான், ஒருத்தன் அங்கன்றான். நடுவுல எங்கனா ஊத்திட்லாம்னு பாத்தேன். கை வரல."

"நல்லதாப் போச்சு," என்றார் அவர். "எவன் எடத்துலயோ ஊத்தி இன்னாத்துக்கு?"

பிழைத்தவர்களில் ஒருவர் மணலில் உட்கார்ந்து அழுதார். நேர் மேற்கே என்று சொன்னவர் அவர். அன்று காலை வரை உறுதியாக இருந்ததாகவும், கடலில் போய் நின்றதும் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இருந்ததாகவும் சொன்னார். யாரும் அவரைத் தேற்றவில்லை. தம்பியின் கைபேசி அடித்தது. ஒப்பந்ததாரர். கப்பல் சாயங்காலம் உள்ளே வருகிறது, ஆள் வேண்டும். "வரேண்ணே" என்றான். அக்காவின் முகத்தைப் பார்க்காமல், பட்டன் இல்லாத சட்டையை எடுக்க வீட்டுப் பக்கம் போனான்.

பால் வெயிலில் திரிந்துவிட்டது. அவர் செம்பைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, வீட்டுப் பக்கத்து முருங்கையின் அடியில் ஊற்றினார். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, வெளியே வந்திருந்த தாலியை எடுத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டார்.

"யக்காவாண்ட சொல்லு நைனா," என்றார். "நாளிக்கு நேரத்தோட வந்துட்றேன்."