எண்ணெய் முள்ளும் மச்சானின் காலும்

பதுளைக் கடைவீதியில் தோட்டத்துத் துரைமாருக்கெல்லாம் டின் டின்னாகப் பெட்ரோல் விற்றவன் நான். என் சொந்தக் காரில் எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியாது. ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த ஒரே வட்டத்தில் ஒரு முள் ஆடும். இஞ்சினுக்குள் எண்ணெய் ஓடுகிறதா என்று காட்டும் முள் அது. நான் அதைப் பெட்ரோல் முள் என்று நம்பினேன். பத்திரிகையை விளம்பரம் வரை விடாமல் படிக்கிறவன் என்பதால் யாரையும் கேட்கவுமில்லை.

காரை விற்றவர் பெட்ரோல் தாங்கிக்குள் விட்டு அளவு பார்க்க ஒரு குச்சியும் தந்திருந்தார். முள் இருக்கக் குச்சி எதற்கென்று அதைக் கடையின் துணி அடுக்குகளில் பல்லி விரட்ட வைத்துக்கொண்டேன். வெள்ளிதோறும் கடையாள் ஒரு டின் ஊற்றுவான். ஒரு வெள்ளியன்று காரைக் கழுவ ஓட்டி வந்து, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவன் டின்னைத் தூக்கியதும், "முள்ளு உச்சியில நிக்குது, கண்ணு தெரியலையா?" என்று திட்டி அதையும் நிறுத்தினேன்.

மறுநாள் லுணுகலையில் என் மனைவியின் தம்பி கடைப் பரணிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே காலை ஒடித்துக்கொண்டான். உடனே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கால் நேராகும், தாமதித்தால் கோணும் என்றார்கள். நான் காரில் போய் இறங்கியபோது, வாசலில் பதுளைக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று நின்றது.

"பெட்டி மேல மெத்தை போட்டு மெதுவா கொண்டுபோறேங்க," என்றார் வண்டிக்காரர்.

"நீ போய்ச் சேருறதுக்குள்ள எலும்பு தானா ஒட்டிக்கும்," என்று சிரித்துவிட்டு, மச்சானை என் காரின் பின்சீட்டில் கிடத்தினேன்.

பசறை தாண்டிய ஏற்றத்தில் கார் இருமிவிட்டு நின்றது. நின்றதும் முள்ளும் விழுந்தது.

"பாத்தியா, பெட்ரோல் கொறஞ்சத முள்ளு சொல்லிருச்சு."

"நிக்கிறதுக்கு முன்னாடி சொல்லாதா மச்சான்?" என்றான் அவன் பின்சீட்டிலிருந்து.

தாங்கி சீட்டுக்குக் கீழே. அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தால், ஏற்றத்தில் அது மேலே நிற்கும் இஞ்சினுக்கு வராது. காரைத் திருப்பிப் பின்பக்கமாக ஏறினால் வரும். இதையும் படித்திருந்தேன். சரிவில் உருட்டித் திருப்பினேன். கார் உண்மையாகவே ஏறியது. கழுத்தைத் திருப்பிக்கொண்டு வளைவில் ஓட்டுவது எப்படி என்று அந்தக் கட்டுரையில் இல்லை. பின்சக்கரம் வீதியோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கியது. மச்சான் சீட்டிலிருந்து கீழே விழுந்தான். கால் மறுபடி முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

பொழுது சாயும்போது அந்த மாட்டுவண்டி நிதானமாக வந்து சேர்ந்தது. வண்டிக்காரர் அவனைத் தூக்கிப் பெட்டிகளின் மேல் கிடத்தினார்.

"இடம் இல்லீங்க. நீங்க நடந்து வாங்க."

நடந்தேன்.

கால் ஒட்டியது, இரண்டு விரற்கடை குட்டையாக. பேசி வைத்திருந்த பெண் வீட்டார் ஒருமுறை வந்து அவன் நடப்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள், திரும்பவில்லை. பிறகு அவன் என் கடையிலேயே உட்கார்ந்தான். ஒருநாள் பெட்ரோல் வாங்க வந்த ஒருவர், எப்படி ஒடிந்தது என்று விசாரித்தார்.

டின்னை அவர் பக்கம் நகர்த்தியபடி மச்சான் சொன்னான்: "பரண்லேருந்து விழுந்ததுல ஒரு எடத்துலதாங்க ஒடிஞ்சிச்சு. இன்னொரு எடம், மச்சான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது."